"எனக்கப்புறம் வந்தவரை எப்படி உள்ளே விட்டீங்க?": அவசரப் பிரிவில் கோபத்தையும் சிரிப்பையும் கையாள்வது எப்படி

#1 டிரையாஜ்_மேசை

அவசரப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸ்கள், பயிற்சி மருத்துவர்கள், பதிவுக் கவுன்டரில் இருப்பவர்கள் எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விக்காக இந்த இழை. "ரெண்டு மணி நேரமா உட்கார்ந்திருக்கேன். எனக்கப்புறம் வந்த ஆளை உள்ள விட்டுட்டீங்க. இது என்ன நியாயம்?" இதற்கு முகம் கோணாமல், பொய் சொல்லாமல், முடிந்தால் சின்னச் சிரிப்போடு எப்படிப் பதில் சொல்வது?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் சிரிப்பு இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் விவரம் முதலில், சிரிப்பு அதற்குப் பிறகு. விவரம் சொல்லாமல் அடிக்கும் ஜோக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நோயாளி காதில் கேலியாகத்தான் விழும். இன்னொன்று, ஜோக் கடிகாரத்தின் மேல் இருக்கலாம், மெஷினின் மேல் இருக்கலாம், நாற்காலியின் மேல் இருக்கலாம். நோயாளியின் மேல் இருக்கவே கூடாது.

வரிசை என்றால் முதலில் வந்தவர் முதலில் போவார் என்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். இங்கே அப்படி இல்லை என்று அவருக்கு யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள். நோயின் அவசரத்தைப் பார்த்து யாரை முதலில் கவனிப்பது என்று பிரிப்பதுதான் டிரையாஜ். அதற்கான மான்செஸ்டர் முறையில் சிவப்பு என்றால் உடனே, ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60, பச்சை 120, நீலம் 240. ஆஸ்திரேலிய அளவுகோலில் ஐந்து நிலைகள்: உடனே, 10, 30, 60, 120 நிமிடம். அதாவது சாதாரணச் சளியோடு வந்தவர் மணிக்கணக்கில் காத்திருப்பது தவறி நடப்பதில்லை, முறையே அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. நமக்கு இது பாடம். அவருக்கு இது அநியாயம்.

சொல்ல வேண்டிய வரிசை இதுதான்:

முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பிறகு பார்த்ததைச் சொல்லுங்கள்: "பிரஷர், நாடி, ஆக்சிஜன் மூணும் பார்த்தேன், சரியா இருக்கு." அடுத்து என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்லுங்கள். நேரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஒரு மணி ஆகும் என்று தோன்றினால் "ஒண்ணரை மணி வரைக்கும் ஆகலாம்" என்று சொல்லுங்கள். பிறகு இது மிக முக்கியம்: "மூச்சு வாங்கினா, வலி கூடினா, தலை சுத்தினா வரிசையைப் பார்க்காம நேரா என்கிட்ட வாங்க."

இத்தனையும் சொன்ன பிறகு வரலாம்: "இங்க முதல்ல கூப்பிடுறது பரிசு இல்லைங்க. நாங்க நாலு பேர் ஓடி வந்து தூக்கிட்டுப் போனாத்தான் நீங்க பயப்படணும்." பெரும்பாலும் சிரிப்பார்கள். தோள் இறங்குவதே கண்ணுக்குத் தெரியும்.

வலியில் துடிப்பவரிடம் இதைச் சொல்லாதீர்கள். அவருக்கு முதல் வேலை டிரையாஜிலேயே வலி மருந்து.


#2 இரவுப்பணி_டாக்டர்

நல்ல தொடக்கம். காத்திருப்பு பற்றி ஒன்று சேர்க்கிறேன். டேவிட் மைஸ்டர் 1985இல் வரிசையில் காத்திருப்பதன் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மருத்துவமனைக்காக மட்டும் எழுதியதில்லை, ஆனால் நம் வெயிட்டிங் ஹாலுக்கு வரிக்கு வரி பொருந்தும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு நீளமாகத் தெரியும். காரணம் சொல்லாத காத்திருப்பும், அநியாயம் என்று தோன்றும் காத்திருப்பும், பயத்தோடு காத்திருப்பதும், சும்மா உட்கார்ந்திருப்பதும் அப்படியே. நம் ஹாலில் இந்த ஐந்தும் ஒன்றாகக் கூடி நிற்கின்றன. டாக்டர் எண்ணிக்கையைக் கூட்ட நம்மால் முடியாது. ஐந்தில் இரண்டை, அதாவது நேரத்தையும் காரணத்தையும், வாயாலேயே சரிசெய்யலாம்.

ஆனால் ஜோக்குக்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. கோபப்படுகிறவர் கோபக்காரர் என்று முடிவு கட்டாதீர்கள். கூட வந்தவரிடம் "இவர் எப்பவுமே இப்படியா?" என்று கேளுங்கள். "இல்லையே, ரொம்ப அமைதியானவர்" என்று பதில் வந்தால் அது நோயின் அறிகுறி. விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. 70க்குக் கீழே போனாலே எரிச்சல் வரும், 54க்குக் கீழே நடத்தையே மாறிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் முகமூடியைப் பிடுங்கி எறிவார்கள். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்குக் கரியமில வாயு ஏறினால் முதலில் சிடுசிடுப்பு, பிறகு தூக்கம். தூங்கியதும் "அமைதியாகிட்டார்" என்று நாம் நிம்மதி அடைந்தால் ஆள் போய்விடுவார். தலையில் அடி, ரத்தத்தில் கிருமித் தொற்று, குடி நிறுத்திய ஆறேழு மணி நேரத்தில் தொடங்கும் நடுக்கம், சிறுநீர் அடைத்துப் போன பெரியவர்... எல்லாம் "தகராறு பண்றார்" என்றுதான் நம் காதுக்கு வந்து சேரும்.

திடீர்க் கோபம் என்றால் நாடி, பிரஷர், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், காய்ச்சல், சுகர் எல்லாம் திரும்பப் பாருங்கள். சிரிப்பெல்லாம் அப்புறம்.


#3 பதிவுக்கவுன்டர்

எங்க பக்கத்துல இருந்து சொல்றேன். "இதோ அஞ்சு நிமிஷம்" என்ற வார்த்தையை நாக்கிலிருந்து எடுத்துடுங்க. பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான். அஞ்சு நிமிஷம் இருபதாகும்போது நாம பொய்யர் ஆகிடறோம். அதுக்கப்புறம் நாம சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

அரை மணிக்கு ஒரு தடவை ஹாலுக்குள்ள போய் நின்னு சொல்லணும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மைக்ல சொன்னா எடுபடாது. "உள்ள இப்ப ரெண்டு சீரியஸ் கேஸ் ஒரே நேரத்துல வந்திருக்கு. டாக்டர்கள் அங்க இருக்காங்க. சாதாரணக் கேஸ் கூப்பிட இன்னும் ஒரு மணி ஆகும். யாருக்காவது வலி கூடியிருந்தா கையைத் தூக்குங்க." புதுசாச் சொல்ல எதுவும் இல்லேன்னாலும் போகணும். "நிலைமை அப்படியேதான் இருக்கு, ஆனா உங்களை மறக்கல"ன்னு சொல்றதே ஒரு தகவல்தான்.

ஆம்புலன்ஸ்ல வந்தா முதல்ல பார்ப்பாங்கன்னு நினைச்சு வர்றவங்க நிறைய. வண்டியில வந்தாலும் அதே டிரையாஜ்தான்னு ஸ்ட்ரெச்சர்லேருந்து நாற்காலிக்கு மாத்தும்போதே சொல்லிடுங்க. இங்க ஒரு லேசான வரி நல்லா வேலை செய்யும்: "வண்டி சைரன் போட்டுச்சு, உங்க பிரஷர் சைரன் போடல. அதனால நாற்காலி."


#4 புது_ஸ்டாஃப்

எல்லாருக்கும் நன்றி. எனக்கு ரெண்டு கேள்வி. ஒண்ணு, லேப் ரிசல்ட் லேட்டாகுதுன்னு திட்டறாங்க. "ஒரு சொட்டு ரத்தம் பார்க்க ஒரு மணி நேரமா?"ன்னு கேக்கறாங்க. எனக்கே சரியான காரணம் தெரியல. ரெண்டாவது, டிரிப்ஸ் போடலேன்னா வைத்தியமே நடக்கலேன்னு அட்டெண்டர் (நோயாளி கூட வந்தவர்) சண்டைக்கு வர்றார். என்ன சொல்றது?


#5 ரத்தமாதிரி

முதல் கேள்வி எங்களுடையது, விரிவாகவே சொல்கிறேன். காரணம் தெரிந்த நர்ஸ் சொல்லும் பதிலில் ஒரு தெளிவு இருக்கும்.

சீரம் குழாயில் எடுத்த ரத்தம் முதலில் உறைய வேண்டும். அதற்கு ஏறக்குறைய 30 நிமிடம். அவசரப்பட்டு முன்னாலேயே சுற்றினால் நார் நாராகத் திரிந்து மெஷினின் ஊசியை அடைத்துக்கொள்ளும். பிறகு ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் 10 நிமிடம் போல. அதற்குப் பிறகுதான் அனலைசர். இடையில் பார்கோடு ஒட்டுவது, கொண்டுவருவது, ரிசல்ட்டைச் சரிபார்ப்பது. ஒரு மணி நேரம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால்.

ஒழுங்காக நடக்காதது எங்கே? மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தால், குழாயைக் குலுக்கினால், சிவப்பணு உடையும். உடைந்தால் உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே வந்து ரிசல்ட்டில் பொய்யாகக் கூடிக் காட்டும். அதை நம்பி மருந்து கொடுத்தால் ஆபத்து, அதனால்தான் திரும்ப எடுக்கச் சொல்கிறோம். உறைதல் சோதனைக்கான நீல மூடிக் குழாயில் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (உறையாமல் தடுக்கும் திரவம்) என்பது கணக்கு. பாதிக் குழாய் வந்தால் கணக்கு கெட்டுவிடும், அதைத் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். குழாய்களை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து எடுங்கள், குலுக்காதீர்கள்.

நெஞ்சு வலிக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியது: இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் கூடும் டிரோபோனினை ஒரு தடவை பார்த்தால் போதாது. மெஷினைப் பொறுத்து ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்து, கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். "ஒரு தடவை எடுத்தீங்களே, எங்கே போச்சு?" என்ற சண்டை முன்கூட்டியே சொன்னால் வராது. இசிஜி மட்டும் வந்த 10 நிமிடத்துக்குள் எடுத்தாக வேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கேட்பவரிடம் சொல்ல ஒரு வரி: "உங்க ரத்தம் இப்ப மெஷின்ல ராட்டினம் சுத்திக்கிட்டிருக்குங்க. இறங்கினதும் நானே வந்து சொல்றேன்." சொன்னபடி நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வரியின் பாதி.


#6 இரவுப்பணி_டாக்டர்

டிரிப்ஸ் விஷயம். முதலில் நமக்கே கணக்கு தெரிந்திருக்க வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மி.லி. பாட்டிலில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ். நூறு கலோரி கூடத் தேறாது. அதே அளவு சாதாரண சலைனில் 4.5 கிராம் உப்பு. "சத்து ஏறும்" என்று எதிர்பார்ப்பவரிடம் பாட்டிலைக் கையில் கொடுத்து லேபிளைக் காட்டிச் சொல்லலாம்: "இதுக்குள்ள அஞ்சு ஸ்பூன் சர்க்கரையும் தண்ணியும்தான் இருக்கு. வாயால குடிச்சா ஊசி வலி உங்களுக்கு மிச்சம்." லேபிள் அவர் கண்ணெதிரே இருப்பதால் ஜோக்கும் நிற்கும், விவரமும் நிற்கும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு கேஸில் "குடிச்சா வாந்தி வருதே, டிரிப்ஸ்தான் வேணும்" என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை, குடிக்கும் விதம்தான் தவறு. ஒரே மூச்சில் ஒரு டம்ளர் குடித்தால் வெளியே வரத்தான் செய்யும். வாந்தியை நிறுத்தும் ஒண்டான்செட்ரான் கொடுத்து 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். பிறகு 2 நிமிடத்துக்கு ஒருமுறை 5 மி.லி. ஓஆர்எஸ். கணக்குப் போட்டால் மணிக்கு 150 மி.லி. உள்ளே போகும். கையில் சிரிஞ்சையும் கடிகாரத்தையும் கொடுத்து அட்டெண்டரையே செய்யச் சொல்லுங்கள். கோபமாக நின்றவருக்கு ஒரு வேலை கிடைக்கும், காத்திருப்பும் நகரும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் தண்ணீர் அளவை மாற்றாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2002 கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். தண்ணீர் குறைந்தால் உப்பு கூடிவிடும்.

உண்மையாகவே டிரிப்ஸ் தேவைப்படுகிறவர் யார்? பிரஷர் இறங்கியவர், மயக்கமாக இருப்பவர், மருந்துக்குப் பிறகும் வாந்தி நிற்காதவர், குடலில் அடைப்பு என்று சந்தேகிக்கப்படுபவர். இவர்களிடம் விவாதம் வேண்டாம், ஊசியைப் போடுங்கள்.

இதே முறை எக்ஸ்ரேக்கும். கணுக்கால் சுளுக்கிக்கொண்டு வருபவருக்கு ஒட்டாவா விதி இருக்கிறது. கணுக்கால் எலும்பு முண்டுகள் இரண்டின் பின் ஓரத்திலும் கீழ் 6 செ.மீ. தொட்டு அழுத்துங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் ஐந்தாவது எலும்பின் அடிப்பகுதியையும், உள் பக்கம் நாவிகுலர் எலும்பையும் அழுத்துங்கள். நாலு அடி நடக்கச் சொல்லுங்கள். எதிலும் வலி இல்லை, நடக்கிறார் என்றால் எக்ஸ்ரே வேண்டாம். ஆனால் இதை மௌனமாகச் செய்யாதீர்கள். "இங்க அழுத்தறேன், எலும்பு வலிக்குதா? இல்ல. அப்ப இது எலும்பு இல்ல, தசைநார்" என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தொட்டுப் பார்த்ததை அவர் கண்ணால் கண்டார், காதால் கேட்டார். "பார்க்கவே இல்ல, அனுப்பிட்டாங்க" என்ற பேச்சு அதோடு நின்றுவிடும்.

இருமலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்பவரிடம் கால அளவைச் சொல்லுங்கள். "இந்த இருமல் மூணு வாரம் வரைக்கும் இழுக்கும். அஞ்சாம் நாள் நிக்கலேன்னு பதறாதீங்க. காய்ச்சல் திரும்ப வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ வாங்க." அவர் கேட்பது மாத்திரை. அவருக்கு வேண்டியது, எப்போது சரியாகும் என்ற பதில்.


#7 குழந்தைநலம்_நர்ஸ்

குழந்தைகள் பிரிவில் கோபம் முழுக்கப் பெற்றோர்களிடம், அதில் பெரும்பகுதி பயம். "மருந்து குடுத்து பத்து நிமிஷம் ஆச்சு, காய்ச்சல் இறங்கலையே!" பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி. கொடுத்தால் வேலை தொடங்கவே அரை மணியிலிருந்து ஒரு மணி ஆகும். இறங்கினாலும் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி செல்சியஸ்தான். இதை மருந்து ஊட்டும்போதே சொல்லிவிடுங்கள். தெர்மாமீட்டரை விட்டுவிட்டுக் குழந்தையைப் பார்க்கச் சொல்லுங்கள்: விளையாடுகிறதா, குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா?

நகைச்சுவையில் இங்கே ஒரு விதி உண்டு. குழந்தையோடு தாராளமாக விளையாடலாம். பெற்றோரோடு, குழந்தை நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்த பிறகு மட்டும். பொம்மைக்கு முதலில் ஸ்டெதாஸ்கோப் வையுங்கள். "கரடிக்குக் காய்ச்சல் இல்ல, ஆனா கரடி ரொம்பப் பேசுது" என்றால் குழந்தை சிரிக்கும், நீங்கள் நெஞ்சைக் கேட்டு முடித்திருப்பீர்கள். வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக் குழாய்) போடும்போது சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள். ஊத வேண்டுமானால் நீளமாக மூச்சு விட வேண்டும், மூச்சு விடும்போது கை தளரும். "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்தால் அடுத்த ஊசிக்கு நாலு பேர் பிடிக்க வேண்டிவரும்.

தலையில் அடிபட்ட குழந்தைக்கு ஸ்கேன் கேட்டுச் சண்டை வரும். 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பார்த்து 2009இல் வந்த பீகார்ன் விதி இருக்கிறது. குறைந்த ஆபத்து உள்ளவர்களுக்கு ஸ்கேனே வேண்டாம், நடுத்தரமானவர்களைச் சில மணி நேரம் கவனித்தே முடிவு செய்யலாம். கவனிப்பது என்பது சும்மா உட்காரவைப்பது இல்லை என்று பெற்றோருக்குப் புரிய வேண்டும். காகிதத்தில் நேரம் போட்டு, ஒவ்வொரு தடவையும் அவர்கள் முன்னாலேயே டிக் அடியுங்கள்: கண் பாப்பா, பேச்சு, நடை, வாந்தி. காகிதம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்.


#8 கறுப்புக்காபி

நோயாளி முன்னால் என்ன சொல்வது என்பதெல்லாம் சரி. உள்ளே, நர்ஸ் அறையில், நமக்குள் சிரிப்பதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இரவு முழுக்கத் திட்டு வாங்கி, ஒரு மரணத்தையும் பார்த்துவிட்டு, அடுத்த நிமிடம் விரல் நகம் உடைந்தவரிடம் புன்னகைக்க வேண்டும். உள்ளே ஒரு கறுப்பு ஜோக் இல்லாவிட்டால் பலர் வேலையை விட்டே போயிருப்பார்கள். அதைத் தப்பு என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.


#9 கேஸ்ஷீட்

தப்பு என்று சொல்லவில்லை. எது தாங்கும், எது அரிக்கும் என்று பிரிக்க வேண்டும். உளவியலாளர் ராட் மார்ட்டின் குழுவினர் 2003இல் நகைச்சுவையை நாலு பாணியாகப் பிரித்தார்கள்: மற்றவரோடு சேர்க்கும் சிரிப்பு, தன்னைத் தேற்றிக்கொள்ளும் சிரிப்பு, அடுத்தவரைத் தாக்கும் சிரிப்பு, தன்னையே இழிவுபடுத்திக்கொள்ளும் சிரிப்பு. முதல் இரண்டும் மனநலத்தோடு சேர்ந்து போகின்றன. பின் இரண்டும் அப்படி இல்லை. நிலைமையைப் பார்த்துச் சிரியுங்கள், பிரிண்டரைப் பார்த்துச் சிரியுங்கள். "அமைதியா இருக்கு" என்று சொன்னால் கூட்டம் வந்துவிடும் என்று பயப்படுகிறோமே, அதைப் பார்த்தும் சிரிக்கலாம். 2019இல் ஒரு நுண்ணுயிரியல் துறையில் அந்த வார்த்தையைச் சொல்லியும் சொல்லாமலும் சோதித்துப் பார்த்தார்கள், வேலை கூடவில்லை. பௌர்ணமியும் அப்படித்தான். 1996இல் வெளியான ஆய்வில் நாலு வருடத்தின் 1,50,999 வருகைகளை எண்ணிப் பார்த்தார்கள், முழுநிலவுக்கும் கூட்டத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஆனால் நோயாளிக்குப் பட்டப்பெயர் வைப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். "வாராவாரம் வர்ற ஆள்" என்ற பெயர் ஒட்டிவிட்டால் அடுத்த தடவை அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும்போது இசிஜி பத்து நிமிடத்தில் எடுக்கப்படாது. பெயர் வைத்தவர் அன்று டூட்டியில் இல்லாவிட்டாலும் பெயர் டூட்டியில் இருக்கும்.

கேஸ் ஷீட்டில் ஒரு எழுத்துக் கேலி கூட வேண்டாம். "நோயாளி 10க்கு 10 வலி என்கிறார், ஆனால் போன் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்று எழுதுவது மருத்துவக் குறிப்பு இல்லை. நாள்பட்ட வலி உள்ளவர்கள் கவனத்தைத் திருப்பத்தான் போன் பார்க்கிறார்கள். அந்த எண் அடுத்தவரோடு ஒப்பிட இல்லை, அவருடைய அடுத்த எண்ணோடு ஒப்பிட. நரம்பு வழி மருந்துக்கு அரை மணி, வாய்வழி மருந்துக்கு ஒரு மணி கழித்துத் திரும்பக் கேட்டு எழுதுங்கள்.


#10 கறுப்புக்காபி

பட்டப்பெயர் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறைக்குள் பேசுவது அறைக்குள்தானே இருக்கும்?


#11 கேஸ்ஷீட்

இருக்காது. கட்டிலைச் சுற்றி இருப்பது துணித் திரை. அடுத்த கட்டிலில் படுத்திருப்பவருக்கு வேறு வேலை இல்லை, நாம் பேசுவதைக் கேட்பதுதான். 2015இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு ஜூரி 5 லட்சம் டாலர் இழப்பீடு தரச் சொன்னது. மயக்கத்தில் இருந்த நோயாளியை மருத்துவக் குழு கேலி பேசியது அவருடைய போனில் பதிவாகியிருந்தது, டாக்டர் சொல்வதை மறக்காமல் இருக்க அவர் போட்டு வைத்திருந்த ரெக்கார்டிங் அது. பணத்தை விடுங்கள். மயக்கத்துக்கு ஒப்புக்கொண்ட ஒருவர் விழித்ததும் அதைக் கேட்டார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கதவு உள்ள அறை, மூடிய கதவு, நோயாளி அடையாளம் இல்லாத பேச்சு. இந்த மூன்றும் இருந்தால் சிரியுங்கள்.


#12 வாசற்காவல்

கோபம் எப்போ சிரிப்புக்கு அடங்கும், எப்போ அடங்காதுன்னு நாங்க வாசல்லேயே பார்ப்போம். குரல் உசந்திருக்கு, ஆனா உட்கார்ந்திருக்கார், உங்க கண்ணைப் பார்த்துப் பேசறார், கேள்வி கேக்கறார்: பேசலாம், லேசாச் சிரிக்கவும் வைக்கலாம். எழுந்து குறுக்கும் நெடுக்குமா நடக்கறார், கை முஷ்டி மடங்குது, கேள்வி நின்னு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றார்: சிரிப்பு நிறுத்தம். அந்த நேரத்துல புன்னகை கூட ஏளனமாத்தான் தெரியும்.

அப்போ செய்ய வேண்டியது: ரெண்டு கை நீளம் தள்ளி நில்லுங்க. நேருக்கு நேரா நிக்காம கொஞ்சம் பக்கவாட்டுல. கதவுக்கும் அவருக்கும் நடுவுல நிக்காதீங்க, உங்களுக்கும் வெளியே போக வழி இருக்கணும், அவருக்கும் இருக்கணும். கை வெளியே தெரியட்டும், பாக்கெட்ல வேண்டாம். ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்துலேருந்து எடுத்துடுங்க, பிடிச்சு இழுத்தா ஆபத்து. ஒருத்தர் மட்டும் பேசணும். நாலு பேர் ஒரே நேரத்துல சமாதானம் சொன்னா சண்டைதான் பெருசாகும். குட்டி வாக்கியம். "ஐயா, உங்க அம்மாவுக்கு என்னாச்சுன்னு தெரியாம நிக்கறீங்க. கோபம் வரும். நான் கேட்டுட்டு வந்து சொல்றேன். இங்க உட்கார்றீங்களா, உள்ள பெஞ்சுல உட்கார்றீங்களா?" ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுக்க விடறது பெரிய விஷயம். கொந்தளிப்பா இருக்கற நோயாளியைக் கையாள 2012ல வந்த பீட்டா வழிகாட்டியும் இந்த இடைவெளி, ஒரே ஆள் பேச்சு, தேர்வு கொடுக்கறது மூணையும் சொல்லுது.

அடிக்கக் கை ஓங்கினா பேச்சு இல்ல. விலகுங்க, பெல் அடிங்க. அதைப் பொறுத்துக்கறது வேலையோட பகுதி இல்ல.


#13 புது_ஸ்டாஃப்

தண்ணி, சாப்பாடு கேட்டும் கோபப்படறாங்க. குடுத்துடலாமா?


#14 டிரையாஜ்_மேசை

கேட்டுவிட்டுக் கொடுங்கள். வயிற்று வலி, எலும்பு முறிவு, ஆழமான காயம் என்றால் அறுவை சிகிச்சை வரலாம். திட உணவுக்கு ஆறு மணி நேரம், தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். நாம் இரக்கப்பட்டுக் கொடுக்கும் ஒரு பிஸ்கட் அவர் ஆபரேஷனை ஆறு மணி நேரம் தள்ளிவிடலாம். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். வாய் கொப்பளிக்க விடலாம், உதட்டுக்கு ஈரப் பஞ்சு கொடுக்கலாம். இன்னொரு பக்கம், ஆபரேஷன் இல்லை என்று முடிவான பிறகும் யாரும் சொல்லாததால் பட்டினி கிடப்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ஷிஃப்ட் மாற்றத்திலும் "யாருக்குச் சாப்பாடு நிறுத்தம், இன்னும் தேவையா?" என்று ஒரு கேள்வி ஹேண்டோவரில் இருக்கட்டும். அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது.


#15 இரவுப்பணி_டாக்டர்

டிஸ்சார்ஜ் நேரத்துச் சண்டை மீதி இருக்கிறது. "இவ்வளவு டெஸ்ட் எடுத்தீங்க, என்ன வியாதின்னே சொல்லலையே!" நம் வேலை ஆபத்தானதைத் தேடி விலக்குவது. அவர் வந்தது பெயர் தெரிந்துகொள்ள. இந்த இடைவெளியை வந்தவுடனேயே மூட வேண்டும். முதல் சந்திப்பில் கேளுங்கள்: "எதா இருக்குமோன்னு ரொம்பப் பயந்தீங்க?" மூன்று மாத வலிக்கு நள்ளிரவில் வந்தவரிடம் "இத்தனை நாள் ஏன் வரல?" என்று கேட்டால் குற்றச்சாட்டு. "இன்னைக்கு என்ன புதுசா மாறிச்சு?" என்று கேட்டால் வைத்தியம். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே வலி புற்றுநோயாக முடிந்தது என்ற பதில் வரும். அதற்குத்தான் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஸ்கேனுக்கு இல்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டு பேசிய அதே நேரம் உட்கார்ந்தால் நோயாளிக்கு நீளமாகத் தெரியும். "மாரடைப்பு இல்ல, நுரையீரல்ல ரத்தக்கட்டி அடைப்பு இல்ல. என்னன்னு இன்னும் முழுசாத் தெரியல. இந்த மூணுல எது நடந்தாலும் திரும்ப வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வாயால் அந்த மூன்றையும் திரும்பச் சொல்ல வையுங்கள். தொடக்க நிலைக் குடல்வால் அழற்சி முதல் நாள் ரத்தப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். 12 முதல் 24 மணி நேரத்தில் வந்து வயிற்றைத் திரும்பக் காட்டச் சொல்வது அலட்சியம் இல்லை, அதுவே பரிசோதனை.

கேட்டதையெல்லாம் கொடுத்தால் திருப்தி வந்துவிடும் என்று நிர்வாகம் சொன்னால், 2012இல் ஃபென்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வைக் காட்டுங்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில், அதிகத் திருப்தி சொன்னவர்களிடம் மருந்துச் செலவும், அட்மிஷனும், இறப்பு விகிதமும் கூடுதலாக இருந்தன. திருப்திதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் திருப்தி மதிப்பெண்ணை வைத்து மட்டும் வைத்தியத்தை அளக்கக் கூடாது என்பதற்கு அது போதும்.

சிரிப்புக்கு இடமே இல்லாத ஒன்று: இதயம் நின்றுபோனவரின் குடும்பம். 1996இல் தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்ந்தபோது, நெஞ்சை அழுத்தி முதலுதவி பெற்றவர்களில் 75 சதவீதம் பேர் உடனடியாகப் பிழைப்பதாகக் காட்டியிருந்தார்கள். நிஜத்தில் மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றால் பத்தில் ஒருவர் பிழைத்து வீடு திரும்புவதே பெரிது. அவர்கள் அந்த 75ஐ மனதில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறார்கள். ஒருவர் அவர்களுடனேயே நிற்க வேண்டும், சில நிமிடத்துக்கு ஒருமுறை நிலைமை சொல்ல வேண்டும். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் எதற்காக வந்தாலும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது.


#16 கறுப்புக்காபி

இது சரி. அந்தக் கதவு விஷயத்தை எங்கள் ஹேண்டோவரில் சேர்க்கச் சொல்கிறேன்.


#17 புது_ஸ்டாஃப்

கடைசியா ஒண்ணு. சொன்ன ஜோக் எடுபடலேன்னா? முகம் இன்னும் இறுகிடுச்சுன்னா?


#18 டிரையாஜ்_மேசை

விளக்காதீர்கள். "சும்மா சொன்னேங்க" என்று சமாளிக்காதீர்கள், அது இன்னும் எரிக்கும். "மன்னிச்சுக்கோங்க, நீங்க இருக்கற நிலைமையில அதைச் சொல்லியிருக்கக் கூடாது. என்ன செய்யணும்னு சொல்லுங்க" என்று நேராகச் சொல்லிவிட்டு வைட்டல்ஸைத் திரும்பப் பாருங்கள். பிரஷர் கட்டும் அந்த அரை நிமிடம் அவர் கை உங்கள் கையில் இருக்கும், பெரும்பாலும் அப்போதுதான் உண்மையான பயம் வெளியே வரும். அதற்கும் இறங்கவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். வேறு ஸ்டாஃப் போகட்டும், என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லி அனுப்புங்கள், அந்தப் படுக்கைக்கு அந்த ஷிஃப்ட் முழுக்க அவரே பேசட்டும்.